சிலுவை நட்டவர்களும் பிடுங்கியவர்களும்: போலாந்தில் மதம், தேசம், அரசியல்

போலாந்தின் தெற்கில் ஒஷ்வியென்சிம் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. அதன் ஜேர்மன் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும்: அவுஷ்விட்ஸ். 1940 இலிருந்து 1945 ஜனவரி வரை நாஸிகள் அங்கே நடத்திய முகாம்களில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 10 இலட்சம் பேர் யூதர்கள். யூதரல்லாத போலாந்துக்காரர் 70,000 முதல் 75,000 வரை, ரோமா மக்கள் 21,000 அளவில், சோவியத் போர்க்கைதிகள் 15,000 அளவில்.

1998 கோடைகாலத்தில் இந்த முகாமின் மதிலோடு ஒட்டியிருந்த ஒரு சரளைக்கல் கிடங்கில் ஆக்கள் சிலுவை நடத் தொடங்கினார்கள். முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்து, பிறகு நூறு. அடுத்த வருடம் மே மாதம் இராணுவம் வந்து அகற்றியபோது அங்கே 322 சிலுவைகள் நின்றன. நட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அகற்றச் சொன்ன அரசாங்கமும் கத்தோலிக்கர் நிறைந்த ஒரு வலதுசாரி அரசாங்கம். நடவேண்டாம் என்று கேட்டவர்களில் கத்தோலிக்க ஆயர்களும் இருந்தார்கள். அப்ப இது ஆருக்கும் ஆருக்கும் இடையில் நடந்த சண்டை?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் ஜெனவியேவ் ஸுப்ஷிட்ஸ்கி. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த சமூகவியலாளர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார். 'அவுஷ்விட்ஸின் சிலுவைகள்: கம்யூனிசத்துக்குப் பிந்திய போலாந்தில் தேசியவாதமும் மதமும்' என்ற அவருடைய ஆங்கிலப் புத்தகம் 2006 இல் வந்தது. மதமும் தேசமும் ஒன்றோடொன்று பிணையும்போது என்ன நடக்கும் என்று யோசிக்கிற எவருக்கும் இது பயன்படும் என்பதால் இந்தப் புத்தகத்தையும், அதன் பின்னால் இருக்கும் வரலாற்றையும் இங்கே கொஞ்சம் விரித்துப் பேசுகிறோம்.

இரண்டு சுலபமான கதைகள்

தேசியவாதம் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் கைக்கு வருவது பெனடிக்ற் அண்டர்சன். மேற்கு ஐரோப்பாவில் மதச் சிந்தனையின் பிடி தளர்ந்த காலத்தில்தான் தேசம் என்ற எண்ணம் தலையெடுத்தது என்று அவர் காட்டுகிறார். அண்டர்சன் சொன்னது இதைவிடச் சிக்கலானது. ஆனால் பரீட்சைத் தாளுக்கு வரும்போது அது ஒரு வரியாகச் சுருங்கிவிடும்: மதம் எழும்பிப் போன கதிரையில் தேசம் வந்து குந்தியது.

கிழக்கு ஐரோப்பாவைப் பற்றி இன்னொரு சுலபமான கதை இருக்கிறது. அங்கே மதமும் தேசியமும் பழங்காலத்திலிருந்தே ஒன்றாக இருந்தன, கம்யூனிசம் வந்து அவற்றைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது, 1989 இல் கதவு திறக்க எல்லாம் பழையபடி வெளியே வந்தன என்பது அந்தக் கதை.

போலாந்து இந்த இரண்டு கதைக்கும் அடங்காது. அங்கே மதம் கதிரையை விட்டு எழும்பவில்லை. தேசத்தோடு சேர்ந்து அதிலேயே இருந்தது. அதேநேரம் அந்தச் சேர்க்கை பழங்காலத்து இயற்கையும் இல்லை. அது எப்போது, எந்தச் சூழ்நிலையில், யாரால் கட்டப்பட்டது என்று திகதி போட்டுச் சொல்லலாம். ஸுப்ஷிட்ஸ்கியின் புத்தகத்தின் முதல் பலம் இதுதான்.

'போலாந்துக்காரன் என்றால் கத்தோலிக்கன்'

18 ஆம் நூற்றாண்டு வரை இருந்த போலாந்து–லித்துவேனியக் கூட்டரசு பல மதத்தவர் வாழ்ந்த நாடு. கத்தோலிக்கர், ஒர்த்தொடொக்ஸ் கிறிஸ்தவர், புரொட்டஸ்தாந்தர், யூதர் எல்லாரும் இருந்தார்கள். 1573 இல் வார்சாவில் கூடிய பிரபுக்கள் மத வேறுபாட்டுக்காக இரத்தம் சிந்துவதில்லை என்று ஓர் உடன்படிக்கையே செய்தார்கள். அந்தக் காலத்தில் 'போலாந்துத் தேசம்' என்றால் பிரபுக்கள் வர்க்கம். வயலில் வேலை செய்த விவசாயி அதற்குள் இல்லை. 1846 இல் ஒஸ்திரியாவின் கீழிருந்த கலீசியாவில் போலிஷ் பேசும் விவசாயிகள் போலிஷ் பேசும் பிரபுக்களை வீடு வீடாகக் கொன்றார்கள் என்றால், 'ஒரே மொழி, ஒரே மதம், ஆகவே ஒரே தேசம்' என்ற கணக்கு அன்றைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று விளங்கும்.

1772, 1793, 1795 என மூன்று கட்டமாக ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் போலாந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. 1918 வரை, 123 வருடம், வரைபடத்தில் போலாந்து இல்லை. அரசு இல்லாத ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தங்களை ஒன்றாகக் காட்ட ஏதோ ஒன்று தேவைப்பட்டது. ரஷ்யா ஒர்த்தொடொக்ஸ், பிரஷ்யா புரொட்டஸ்தாந்து. அந்த இரண்டுக்கும் எதிரே கத்தோலிக்கம் நல்ல வேலியாக நின்றது. ஆட்சியாளர் மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளியபோது தேவாலயத்தில் அந்த மொழி ஒலித்தது. கவிஞர் ஆதாம் மிக்கியவிச் போன்றவர்கள் போலாந்தைத் தேசங்களின் கிறிஸ்துவாகக் கண்டார்கள்: குற்றமில்லாமல் அறையப்பட்ட தேசம், ஒருநாள் உயிர்த்தெழும், மற்றத் தேசங்களையும் மீட்கும். 1860களில் எழுச்சிகள் நசுக்கப்பட்டபோது பெண்கள் கறுப்பு உடையும், சிலுவையும் முள்முடியும் பொறித்த கறுப்பு நகைகளும் அணிந்து துக்கம் காத்தார்கள். சிலுவை தேவாலயத்திலிருந்து கழுத்துக்கு வந்தது, கழுத்திலிருந்து அரசியலுக்கு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு விசயங்கள் இருக்கின்றன. ஒன்று, பங்குபோட்ட மூன்றாவது நாடான ஒஸ்திரியாவும் கத்தோலிக்க நாடுதான். 'எதிரி வேற்று மதத்தவன்' என்ற கதைக்குள் அது சரியாகப் பொருந்தாது. இரண்டாவது, வத்திக்கான் இந்தத் தேசிய எழுச்சிகளோடு நிற்கவில்லை. 1830–31 எழுச்சிக்குப் பிறகு, 1832 இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி சட்டபூர்வமான ஆட்சியாளருக்குக் கீழ்ப்படியச் சொல்லிச் சுற்றுமடல் விட்டார். அந்த ஆட்சியாளர் ரஷ்யச் சார் மன்னன்! ஆகவே திருச்சபை தேசத்தைப் பெற்றெடுத்தது என்பதைவிட, தேசத்தைத் தேடியவர்கள் திருச்சபையின் அடையாளங்களை எடுத்துத் தங்கட துயரத்துக்கு உடுத்திக்கொண்டார்கள் என்பதுதான் பொருத்தம்.

1918 இல் சுதந்திரம் கிடைத்தபோதும் நாடு ஒருமதமாக இருக்கவில்லை. 1931 குடிசன மதிப்பீட்டின்படி ரோமன் கத்தோலிக்கர் 65 வீதம் அளவில்தான். யூதர்கள் 10 வீதம் அளவில். உக்ரேனியர், பெலாருஸ்யர், ஜேர்மானியர் என்று வேறு பெரிய சமூகங்களும் இருந்தன. இந்தச் சூழலில்தான் தேசிய ஜனநாயக இயக்கத்தின் தலைவர் ரோமன் டிமோவ்ஸ்கி, கத்தோலிக்கம் போலாந்துத் தன்மைக்கு மேலே போட்ட நிறம் இல்லை, அதுவே அதன் உள்ளீடு என்று 1927 இல் எழுதினார். நாட்டில் மூன்றிலொரு பங்கினர் ரோமன் கத்தோலிக்கர் இல்லாத நேரத்தில் சொல்லப்பட்ட வார்த்தை இது. அது இருந்த நிலையின் விவரணம் இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று போட்ட கோடு.

அந்தக் கோட்டுக்கு ஏற்ற நாட்டை உருவாக்கியது போரும் அதற்குப் பிந்திய எல்லை மாற்றங்களும்தான். ஏறத்தாழ 30 இலட்சம் போலாந்து யூதர்களை நாஸிகள் கொன்றார்கள். போர் முடிந்ததும் எல்லைகள் மேற்கே தள்ளப்பட்டன; கிழக்கில் உக்ரேனியரும் பெலாருஸ்யரும் வாழ்ந்த பகுதிகள் சோவியத் யூனியனுக்குப் போயின; ஜேர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். மிஞ்சிய நாட்டில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கர். 'எப்பவும் கத்தோலிக்கமான போலாந்து' என்று இன்றைக்குக் கண்ணுக்குத் தெரிவது இனப்படுகொலைக்கும் இடப்பெயர்வுக்கும் பிறகு மிஞ்சிய போலாந்து.

அதிகாரத்துக்கு எதிரே நின்ற சிலுவை

இதைச் சொன்னவுடன் சிலுவையை வெறும் விலக்கிவைக்கும் ஆயுதமாகப் பார்த்துவிடக்கூடாது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் அது உண்மையாகவே ஒடுக்கப்பட்டவர்களின் நிழலாக இருந்தது.

1949 இல் கிராக்கோவ் நகரத்துக்குப் பக்கத்தில் நோவா ஹூத்தா என்ற உருக்கு நகரைக் கட்டத் தொடங்கினார்கள். அது சோசலிச மனிதனின் நகரம், ஆகவே தேவாலயத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. ஆனால் குடிவந்தது கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர். தேவாலயத்துக்கென்று அவர்கள் நட்ட சிலுவையை 1960 ஏப்ரலில் அதிகாரிகள் அகற்ற முயன்றபோது தெருவில் கலவரம் மூண்டது. கடைசியில் 1977 இல்தான் அங்கே பெரிய தேவாலயம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவா. அடுத்த வருடம் அவரே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஆனார்.

1966 இல் போலாந்து கிறிஸ்தவத்தைத் தழுவி ஆயிரம் வருடம் நிறைந்தது. செஸ்ரகோவாவின் கறுப்பு மாதா படத்தின் பிரதி ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அரசு படத்தைப் பிடித்துத் தடுத்துவைத்தது. திருச்சபை வெறும் சட்டத்தை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுபோனது! வெறும் சட்டத்துக்கு முன்னால் முழந்தாளிட்ட சனத்துக்கு அதற்குள் என்ன இருந்தது என்று ஆரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

1980 ஓகஸ்றில் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது வாசல் கேற்றில் மாதா படமும் பாப்பரசர் படமும் தொங்கின. அந்த வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்ததுதான் சொலிடாரிற்றி. 1970 இல் சுட்டுக்கொல்லப்பட்ட தொழிலாளர்களுக்காக அதே வருடம் டிசம்பரில் அங்கே எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் மூன்று உயரமான சிலுவைகள். 1981 டிசம்பர் 13 இராணுவச் சட்டம் வந்தபிறகு வார்சா சதுக்கத்தில் சனம் பூக்களால் சிலுவை போட்டது. பொலிஸ் அதை அள்ளியது. சனம் திரும்பவும் போட்டது. நம்பிக்கையில்லாத இடதுசாரி அறிவாளிகள்கூட அந்த வருடங்களில் தேவாலய மண்டபங்களில் கூட்டம் நடத்தினார்கள். அந்தச் சிலுவைக்குக் கீழே எல்லாருக்கும் இடமிருந்தது, ஏனென்றால் எதிரே ஒரே ஒரு அதிகாரம் நின்றது.

எதிரே ஆளில்லாதபோது

1989 ஜூன் 4 தேர்தலோடு அந்த அதிகாரம் விழுந்தது. ஸுப்ஷிட்ஸ்கியின் மையக் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. அரசில்லாத காலத்திலும், அந்நியமாகப்பட்ட அரசின் கீழும் கட்டப்பட்ட ஓர் அடையாளம், சொந்த அரசு கிடைத்த பிறகு என்ன ஆகும்?

ஆயர்கள் பலர் எதிர்பார்த்தது, கத்தோலிக்கத் தேசத்துக்கு இனிக் கத்தோலிக்க அரசு அமையும் என்று. 1990 இல் பாடசாலைகளுக்குள் சமய பாடம் வந்தது. 1993 இல் கருக்கலைப்புச் சட்டம் இறுகியது. அதே வருடம் வத்திக்கானோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆனால் தேசம் ஒன்றாக நிற்கவில்லை. 1995 ஜனாதிபதித் தேர்தலில் சொலிடாரிற்றியின் நாயகன் லேக் வாவென்சாவை முன்னாள் கம்யூனிஸ்ட் அலெக்சாந்தர் குவாஷ்னியெவ்ஸ்கி தோற்கடித்தார். மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கரான நாட்டில் நடந்தது இது.

புதிய அரசியலமைப்பின் முகவுரையிலும் இதே இழுபறி. கடவுளின் பெயரைச் சொல்லித் தொடங்குவதா? 'போலாந்துத் தேசம்' என்பது ஓர் இனமா, குடியுரிமை பெற்ற எல்லாருமா? கடைசியில் முன்னாள் பிரதமர் ததேயுஸ் மசொவியெட்ஸ்கி முன்வைத்த சமரச வாசகம் ஏற்கப்பட்டது. தேசம் என்பது குடியரசின் குடிமக்கள் எல்லாரும். கடவுளில் நம்பிக்கை உள்ளவர்களும், அந்த நம்பிக்கை இல்லாமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுபவர்களும் அதற்குள் அடக்கம். 1997 மே 25 வாக்கெடுப்பில் 43 வீதம் அளவிலானோர்தான் வாக்களித்தார்கள். அவர்களிலும் ஆதரித்தவர்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டினார்கள். நாடு இரண்டாகப் பிளந்து நிற்பது எண்ணிக்கையிலேயே தெரிந்தது.

சரளைக்கல் கிடங்கில் சிலுவைகள் முளைத்தது இதற்குச் சரியாக ஒரு வருடம் கழித்து.

கிடங்கில் நடந்தது

அதன் வேர் 1979 ஜூன் 7. அன்று பாப்பரசர் அவுஷ்விட்ஸ்–பிர்கெனாவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பீடத்தின் மேல் ஏறத்தாழ 8 மீற்றர் உயரமான சிலுவை நின்றது. திருப்பலி முடிந்ததும் அதைக் கழற்றி வைத்தார்கள்.

1984 இல் கார்மேல் சபைக் கன்னியர் முகாம் மதிலோடு ஒட்டிய 'பழைய தியேட்டர்' கட்டடத்தில் குடியேறினார்கள். முகாம் காலத்தில் நச்சுவாயுத் தகரங்கள் களஞ்சியப்படுத்தப்பட்ட கட்டடம் அது. யூத அமைப்புகள் எதிர்த்தன. 1987 இல் ஜெனீவாவில் கத்தோலிக்கத் தலைவர்களும் யூதத் தலைவர்களும் பேசி, மடம் இரண்டு வருடத்துக்குள் வேறிடம் மாறும் என்று உடன்பட்டார்கள். 1988 இல், பெரிய அறிவிப்பு எதுவுமில்லாமல், அந்தப் பழைய பாப்பரசர் சிலுவை மடத்தின் பக்கத்துச் சரளைக்கல் கிடங்கில் எழும்பியது. 1941 இல் 152 போலாந்து அரசியல் கைதிகள் சுடப்பட்ட இடம் என்று நினைவுகூரப்படும் இடம் அது. கெடு தாண்டியது, 1989 கோடையில் மோதல் வெடித்தது, 1993 இல் பாப்பரசரே கடிதம் எழுதிய பிறகு கன்னியர் போனார்கள். சிலுவை அங்கேயே நின்றது.

1998 தொடக்கத்தில், அந்தச் சிலுவையும் அகற்றப்படும் என்று அரசாங்கப் பிரதிநிதி ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னது செய்தியானது. ஜூனில் கசிமியெஷ் ஷ்வித்தோன் கிடங்கில் உண்ணாவிரதம் இருந்தார். ஆள் சாதாரணமானவர் இல்லை. 1978 இலேயே, சொலிடாரிற்றிக்கு முன்னமே, கட்டோவிற்சேயில் சுதந்திரத் தொழிற்சங்கக் குழு தொடங்கியவர். 42 நாள் உண்ணாவிரதத்தின் முடிவில், சுடப்பட்ட 152 பேருக்கும் ஆளுக்கொன்றாகச் சிலுவை நடுங்கள் என்று நாட்டைக் கேட்டார். றேடியோ மரியா போன்ற தீவிரக் கத்தோலிக்க ஊடகங்களின் நேயர்கள், முன்னாள் போராளிகள், வெளிநாட்டுப் போலாந்துக்காரர் என்று பலரும் அனுப்பினார்கள். பலதில் அனுப்பியவர் பெயர் பொறித்த தகடு இருந்தது. யூத எதிர்ப்புத் துண்டுப்பிரசுரங்களும் அங்கே கைமாறின.

ஓகஸ்றில் ஆயர்கள் போதும் நிறுத்துங்கள் என்றார்கள். நட்டவர்கள் கேட்கவில்லை. 1999 மே மாதம் முன்னாள் நாஸி முகாம்களைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் அமைக்கும் சட்டம் வந்தது. கிடங்கில் வெடிபொருள் புதைத்திருப்பதாக ஷ்வித்தோன் மிரட்டினார், கைதானார். மே 28 இராணுவம் 322 சிலுவைகளையும் அகற்றிப் பக்கத்து ஹர்மென்ஷே கிராமத்தின் பிரான்சிஸ்கன் மடத்துக்குக் கொண்டுபோனது. பாப்பரசர் சிலுவையை மட்டும் விட்டுவிட்டார்கள். அது இன்றும் நிற்கிறது.

போலாந்துக்காரருக்கும் போலாந்துக்காரருக்கும்

வெளியிலிருந்து பார்த்த செய்தியாளர்களுக்கு இது யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையிலான சண்டை. ஸுப்ஷிட்ஸ்கி அதை மறுக்கவில்லை. நினைவின் மோதல் உண்மையானது. 1947 இல் போலாந்து நாடாளுமன்றம் முகாமை நூதனசாலையாக்கியபோது அது 'போலாந்துத் தேசத்தினதும் ஏனைய தேசங்களினதும் தியாகத்தின்' நினைவிடம் ஆனது. 'ஏனைய' என்ற அந்தச் சொல்லுக்குள் 10 இலட்சம் யூதர்கள் புதைந்துபோனார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த போலாந்துப் பிள்ளைக்கு ஒஷ்வியென்சிம் என்றால் தங்கட தேசம் சிலுவையில் அறையப்பட்ட இடம். யூதர்களுக்கு அவுஷ்விட்ஸ் என்றால் தங்கட சனத்தின் மயானம். அந்த மயானத்தின் மேல் நிற்கும் சிலுவை அவர்களுக்கு மீட்பின் சின்னமாகத் தெரியாது. நூற்றாண்டுகளாகத் தங்களைத் துரத்தியவர்களின் சின்னமாகத் தெரியும். 1989 க்குப் பிறகு உண்மையான எண்ணிக்கைகள் பொதுவெளிக்கு வந்தபோது, தாங்கள் முதற்பலி என்று நம்பி வளர்ந்த தலைமுறைக்குக் காலடி நிலம் அசைந்தது.

ஆனால் ஸுப்ஷிட்ஸ்கி அதற்கு அடியில் இன்னொன்றைக் காண்கிறார்: சண்டையின் பெரும்பகுதி போலாந்துக்காரருக்குள்ளேயே நடந்தது. 'உண்மையான போலாந்துக்காரன் ஆர்?' என்பதுதான் கேள்வி. நட்டவர்களுக்குச் சிலுவை இல்லாத போலாந்து போலாந்தே இல்லை. ஸ்தானிஸ்வாவ் மூசியால் போன்ற இயேசுசபைக் குருக்களும், கிராக்கோவின் கத்தோலிக்க வார இதழான 'திகோட்னிக் பொவ்ஷெஹ்னி'யில் எழுதியவர்களும் சிலுவையைத் தடியாகப் பிடிப்பது சிலுவைக்கே அவமானம் என்றார்கள். ஆயர்கள் இரண்டுக்கும் நடுவில் தடுமாறினார்கள்: பாப்பரசர் சிலுவை இருக்கட்டும், மற்றவை வேண்டாம். மதநம்பிக்கை இல்லாத தாராளவாதிகளுக்கோ அந்த இடத்தில் அரசு நடுநிலை காக்கவேண்டும்.

இங்கே 'யூதன்' என்ற சொல் செய்த வேலையை ஸுப்ஷிட்ஸ்கி நுணுக்கமாகக் காட்டுகிறார். 1990களின் போலாந்தில் யூதர்கள் மிகச் சிறிய தொகையினர். ஆனாலும் அந்தச் சொல் எங்கும் கேட்டது. 1990 ஜனாதிபதித் தேர்தலில் மசொவியெட்ஸ்கிக்கு எதிராக அவர் ஒரு யூதர் என்ற வதந்தி பரவியது. ஆள் ஊரறிந்த பக்தியுள்ள கத்தோலிக்கர்! அதாவது தேசத்தை குடியுரிமையால் வரையறுக்க விரும்பிய எவரும் 'யூதன்' ஆக்கப்பட்டார். இரத்தத்தால் வரும் தேசம் என்று சொன்னவர்களே, தங்களோடு உடன்படாத சொந்த இரத்தத்தைக் கருத்தைக் காட்டி வெளியே தள்ளினார்கள். இன அடிப்படையிலான தேசம், குடியுரிமை அடிப்படையிலான தேசம் என்று நாங்கள் கட்டம் போட்டுப் படிக்கிற பிரிவினை நடைமுறையில் இப்படித்தான் குழம்பிப்போகும்.

சிலுவை பற்றி அவர் சொல்வதும் முக்கியம். 19 ஆம் நூற்றாண்டிலிருந்து சிலுவை மெல்ல மெல்ல மதத்தைத் தாண்டித் தேசத்தின் சின்னமாக உலகியல் பொருள் பெற்றது. பிறகு தேசத்தின் சின்னம் என்ற வகையில் அது திரும்பவும் புனிதமாக்கப்பட்டது. கிடங்கில் நட்டவர்கள் ஆயர்களின் சொல்லையே மீறினார்கள் என்பதன் பொருள் இதுதான். அவர்கள் பாதுகாத்தது திருச்சபையின் சிலுவையை அல்ல, தேசத்தின் சிலுவையை. மதம் தேசத்தை விழுங்கியது என்று பலர் பயந்தார்கள். உண்மையில் தேசம் மதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த அபாயத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஆழமான விசுவாசிகளும் இருந்தார்கள்.

எங்களுக்குக் குறையாகப் பட்டது

புத்தகம் சின்னங்களையும் விவாதங்களையும் வாசிப்பதில் கைதேர்ந்தது. ஆனால் நட்டவர்களின் வயிற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். 1990 ஜனவரியில் தொடங்கிய திடீர்ச் சந்தைச் சீர்திருத்தத்தில் அரச தொழிற்சாலைகள் சரிந்தன. 1993 இறுதியில் வேலையின்மை 16 வீதத்தைத் தாண்டியது. சுதந்திரத்துக்காகப் போராடிய தொழிலாளர் பலர் அந்தச் சுதந்திரத்தில் தங்களுக்கு இடமில்லை என்று கண்டார்கள். ஒருகாலத்துச் சுதந்திரத் தொழிற்சங்கவாதி ஒருவர் கிடங்கில் கூடாரமடித்துச் சிலுவை காக்கும் நிலைக்கு வந்ததை, அடையாளத்தை மட்டும் வைத்து முழுதாக விளங்கப்படுத்தேலாது என்றே நினைக்கிறோம். பொருளாதாரம்தான் எல்லாம் என்று இதற்குப் பொருளில்லை. வேலையிழந்த எல்லாரும் சிலுவை நடப் போகவில்லை. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்ற கேள்வி திறந்தபடியே இருக்கிறது.

பிறகு

கதை 1999 இல் முடியவில்லை. 2010 ஏப்ரல் 10 ஸ்மோலென்ஸ்கில் விமானம் விழுந்து ஜனாதிபதி லேக் கச்சின்ஸ்கி உட்பட 96 பேர் இறந்தார்கள். வார்சாவில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் துக்கத்துக்காக ஒரு மரச்சிலுவை நடப்பட்டது. அதை அகற்றுவதா வைப்பதா என்று மாதக்கணக்கில் தெருவில் சண்டை. 'சிலுவையின் காவலர்' என்ற பெயர் திரும்ப வந்தது. எதிரே இளம் ஆக்கள் திரண்டு கேலி செய்தார்கள். அவர்களுக்குச் சிலுவை ஒடுக்கப்பட்டவரின் நிழலாகத் தெரியவில்லை. அவர்கள் அதை அதிகாரத்தின் பக்கத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர் 1992 இல் 47 வீதம் அளவில் இருந்தார்கள் என்று திருச்சபையின் சொந்தக் கணக்கே சொல்கிறது. 2021 இல் அது 28 வீதம். பெருந்தொற்றும் அதில் ஒரு காரணம், ஆனால் இறக்கம் அதற்கு முன்னமே தொடங்கிவிட்டது.

ஸுப்ஷிட்ஸ்கியின் 2022 புத்தகம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறது. யூதரல்லாத போலாந்து இளைஞர் ஏன் யூத இசையும் மொழியும் தேடிப் போகிறார்கள்? ஏன் தங்கட ஊரின் கைவிடப்பட்ட யூத மயானங்களைத் துப்புரவாக்குகிறார்கள்? சிலருக்கு அது நாகரிகம், சிலருக்கு வியாபாரம். ஆனால் பலருக்கு அது 'போலாந்துக்காரன் என்றால் கத்தோலிக்கன்' என்ற சமன்பாட்டை உடைக்கும் வழி என்கிறார் அவர். இல்லாமல் ஆக்கப்பட்ட அயலவரை நினைவில் கொண்டுவருவதன் மூலம் தங்கட தேசத்தின் வேலியைத் தள்ளிப் போடப் பார்க்கிறார்கள். கொல்லப்பட்டவர்கள் இதில் மீண்டும் ஒருமுறை மற்றவர்களின் தேவைக்குப் பயன்படுகிறார்களா என்ற சங்கடமும் அந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது கூடவே வரும்.

ஒரே சிலுவைதான். நோவா ஹூத்தாவில் தொழிலாளி நட்டபோது அது அதிகாரத்தைப் பார்த்து 'நாங்களும் இருக்கிறோம்' என்றது. பல வருடம் கழித்து அவுஷ்விட்ஸில் நட்டபோது, தனக்கென்று பேச ஆளில்லாத 10 இலட்சம் பேரின் மயானத்தைப் பார்த்து 'இது எங்கட இடம்' என்றது. மரமும் வடிவமும் மாறவில்லை. எதிரே நின்றவர் மாறிவிட்டார். ஒரு சின்னத்தின் முன்னால் நிற்கும்போது அது எவ்வளவு பழையது, எவ்வளவு புனிதமானது என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. இதை நட்டவர் கையில் இப்ப என்ன பலம் இருக்கிறது, இதன் நிழல் ஆற்ற தலையில் விழுகிறது என்றும் கேட்கவேண்டும்.